சொல்லுக்கு ஒரு சாட்சி

தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்த விதம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். நோட்டுப் பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதி, மனப்பாடம் செய்து, மறுநாள் வகுப்பில் ஒப்பிப்போம். ‘வேர்டு மீனிங் நோட்டு’ என்றே அதற்குப் பெயர். லிஃப்கோ அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளே அந்த வலப்பக்கத்தில் ஏறும். பாடப் பகுதியைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு அந்த ஏற்பாடு ஓரளவு போதுமானதுதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்படிச் சேர்த்துவைத்த சொற்களைக் கொண்டு ஒரு விண்ணப்பக் கடிதமோ இரண்டு பக்கக் கட்டுரையோ எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தெரியவரும். சொல் நினைவுக்கு வருகிறது, பொருளும் சரியாகவே இருக்கிறது, இலக்கணத்திலும் பிழையில்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் நன்கு புழங்கியவர் ஒருவர் அதைப் படித்தால், அந்தச் சொல்லுக்கு அருகில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே போவார்.

இதற்கு மாணவர்களின் சோம்பலைக் காரணமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிற எனக்கு, அந்த நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி இல்லாததே குறை என்று படுகிறது. அந்தச் சொல்லை யாரோ ஒருவர், எதையோ சொல்ல வேண்டிய உண்மையான தேவையில், எழுதிய ஒரு முழு வாக்கியம் அங்கே இருந்திருக்க வேண்டும். அதைத்தான் மேற்கோள் என்கிறோம். பொருள் அந்தச் சொல் இன்னது என்று அடையாளம் காட்டும். அது எந்தச் சொற்களோடு கூடும், எவற்றை ஒதுக்கும், எந்தப் பேச்சில் வாய் திறக்கும் என்பதற்கெல்லாம் சாட்சி சொல்வது மேற்கோள்தான்.

இந்த முறை நமக்குப் புதியதும் அன்று. தொல்காப்பியத்தின் உரியியலில், ‘உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள என்ப’ என்று ஒரு நூற்பா உண்டு. மூன்று சொற்கள், ஒரே பொருள்: மிகுதி. நம் இரு பத்தி நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். நூற்பாவோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு, இந்த மூன்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எங்கு வேண்டுமானாலும் போடலாம் என்றுதான் தோன்றும். உரையில் சேனாவரையர் அங்கே நிறுத்துவதில்லை. ‘உறுபுனல் தந்து உலகூட்டி’ என்று நாலடியாரிலிருந்தும், ‘ஈயாது வீயும் உயிர் தவப் பலவே’ என்று புறநானூற்றிலிருந்தும், ‘வந்து நனி வருந்தினை வாழி என் நெஞ்சே’ என்று அகநானூற்றிலிருந்தும் மேற்கோள்களை எடுத்து வரிசையாக வைக்கிறார்.

வைத்த மாத்திரத்தில், நூற்பா சொல்லாத ஒன்று புலப்பட்டுவிடுகிறது. ‘உறு’ புனல் என்ற பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது. ‘தவ’ பல என்ற அளவுச் சொல்லை மேலும் பெருக்குகிறது. ‘நனி’ வருந்தினை என்ற வினையைத் தழுவுகிறது. மூன்றும் மிகுதிதான், ஆனால் ஒவ்வொன்றும் மிகுவிக்கும் பொருள் வேறு. இந்த வேறுபாட்டை உரையாசிரியர் வாய்விட்டு விளக்கவில்லை. மேற்கோளைத் தேர்ந்து வைத்ததோடு சரி. பழைய இலக்கியம் முழுவதிலும் இந்தப் பங்கீடு இம்மி பிசகாமல் நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ‘நனி பேதையே நயனில் கூற்றம்’ என்று புறநானூற்றின் 227ஆம் பாடல், வினையை விட்டுப் ‘பேதை’ என்ற சொல்லோடு நனியைச் சேர்க்கிறது. ஒரு மேற்கோளைப் பார்த்து ஓர் ஊகத்துக்கு வருவதும், அடுத்த மேற்கோள் அந்த ஊகத்தைத் திருத்துவதும் இப்படித்தான் நடக்கிறது. சொல்லைக் கற்பது என்று நான் கருதுவதும் இதைத்தான்.

ஆங்கிலத்திலும் மிகுதிச் சொற்களில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘ஹைலி’, ‘டீப்லி’, ‘பிட்டர்லி’, ‘அட்டர்லி’ ஆகிய நான்குக்கும் நம் நோட்டில் ‘மிகவும்’, ‘முற்றிலும்’ என்ற இரண்டில் ஒன்று எழுதப்பட்டிருக்கும். வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தால் நான்கும் நான்கு திசையில் போகின்றன. தகுதி, பரிந்துரை, சாத்தியம் போன்றவற்றைப் பேசும் இடங்களில் ‘ஹைலி’ வருகிறது: ‘ஹைலி குவாலிஃபைட்’, ‘ஹைலி ரெக்கமண்டட்’, ‘ஹைலி அன்லைக்லி’. நன்றியோ வருத்தமோ கவலையோ மனத்தின் அடியிலிருந்து வருவதாகக் காட்ட ‘டீப்லி’ வேண்டும். ஏமாற்றத்துக்கும் கடுங்குளிருக்கும் ‘பிட்டர்லி’. ‘அட்டர்லி’ என்ற சொல்லோ பெரும்பாலும் அழிவு, களைப்பு, அபத்தம், பயனின்மை ஆகியவற்றின் பக்கமே நிற்கிறது. ஜிம்பாப்வே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பில் லோ என்ற மொழியியலாளர், 1993இல் வெளியான ஒரு கட்டுரையில் இதே சொல்லை எடுத்துக்கொண்டு, கணினியில் திரட்டிய வாக்கியங்களின் துணையோடு அதன் கெட்ட சகவாசத்தை எடுத்துக்காட்டினார். நல்ல பொருள் தரும் சொல்லோடு ஒருவர் அதைச் சேர்த்து எழுதினால், அவர் கிண்டல் செய்கிறார் என்றோ மனதில் இல்லாததைச் சொல்கிறார் என்றோ ஐயப்பட இடமுண்டு என்பது அவருடைய வாதம். இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அமுல் வெண்ணெய் விளம்பரத்தின் ‘அட்டர்லி பட்டர்லி டெலிஷியஸ்’ வழியாகத்தான் நம்மில் பலருக்கு அந்தச் சொல்லே அறிமுகம். எதுகைக்காகச் சேர்ந்த அந்த இனிய கூட்டணி, நம் காதில் அந்தச் சொல்லின் குணத்தையே மாற்றிவிட்டது.

ஆங்கில அகராதியின் வரலாறும் இரு பத்தி நோட்டில்தான் தொடங்குகிறது. 1604இல் ராபர்ட் காட்ரி என்பவர் வெளியிட்ட சிறுநூலையே ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் முதல் அகராதியாகப் பொதுவாகக் கொள்கிறார்கள். அதில் சுமார் 2500 கடினச் சொற்களும் அவற்றுக்கு எதிரே ஓரிரு சொற்களில் பொருளும் இருந்தன. மேற்கோள் என்ற பேச்சே இல்லை. அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் அகராதிகள் பருத்தனவே தவிர, இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை. இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்து குரூஸ்கா கழகம் 1612இலேயே இலக்கிய மேற்கோள்களோடு தன் அகராதியை வெளியிட்டிருந்தபோதும், ஆங்கிலத்தில் அந்த முறை பெருமளவில் வேரூன்றியது சாமுவேல் ஜான்சனின் கையால்தான்.

1746இல் லண்டன் புத்தக வணிகர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஜான்சன், காஃப் சதுக்கத்து வீட்டின் மேல்மாடியில் ஆறு உதவியாளர்களை வைத்துக்கொண்டு வேலை செய்தார். புத்தகங்களைப் படித்தபடியே, வேண்டிய சொல்லைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, அதன் முதல் எழுத்தை ஓரத்தில் குறித்து, வாக்கியத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அடையாளமிடுவார். உதவியாளர்கள் அதைத் தாளில் பெயர்த்து எழுதி அகரவரிசையில் சேர்ப்பார்கள். இரவல் கொடுத்த நண்பர்களுக்குப் புத்தகம் எந்தக் கோலத்தில் திரும்பியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1755 ஏப்ரல் 15 அன்று அகராதி இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தபோது, அதில் நாற்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களும் ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்களும் இருந்தன.

ஜான்சனின் பொருள் விளக்கங்களில் நகைச்சுவையானவற்றைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அவருடைய ‘நெட்வொர்க்’ விளக்கமே அதிகம் பயன்பட்டிருக்கிறது. சம தூரங்களில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு, வெட்டுமிடங்களுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பின்னப்பட்ட எதுவும் என்ற பொருளில், ‘ரெட்டிக்குலேட்டட்’, ‘டெக்கஸ்ஸேட்டட்’, ‘இண்டர்ஸ்டிஸஸ்’ என மூன்று முரட்டுச் சொற்களைக் கொண்டு அதை வரையறுத்திருக்கிறார். வலை என்றால் என்னவென்று தெரியாதவருக்கு அந்த விளக்கத்தால் வலை தெரியவராது. தெரிந்தவருக்கு விளக்கமே தேவையில்லை. வரையறை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது தனியாக நின்று கற்பித்துவிடாது என்பதற்கு, அகராதிக் கலையின் பெருமனிதரே தந்த உதாரணமாக இதை வகுப்பில் சொல்வேன். அதே அகராதியில் ‘டேக்’ என்ற எளிய வினைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை அவர் பிரித்துக் காட்டியிருக்கிறார். மேசையில் உட்கார்ந்து யோசித்தால் பத்துப் பதினைந்துக்கு மேல் யாருக்கும் தோன்றாது. எழுத்தாளர்கள் எழுதிய வாக்கியங்கள் குவிந்து கிடந்ததால்தான் அத்தனை பொருள்களைப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

தன் முன்னுரையில் ஜான்சன் ஒரு விஷயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். ஒவ்வொரு மேற்கோளும் சொல்லை விளக்குவதோடு வேறு ஏதேனும் ஒரு பயனையும் தர வேண்டும், தத்துவ நூலிலிருந்து எடுத்தால் ஓர் அறிவியல் உண்மையும் கவிதையிலிருந்து எடுத்தால் ஓர் அழகும் கூடவே கிடைக்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டாராம். குவியல் பெருகிய பிறகு வெட்டிச் சுருக்க வேண்டியதாயிற்று. அப்படி அங்கம் வெட்டப்பட்ட மேற்கோள்களை அவற்றின் ஆசிரியர்களுடைய கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாசகரை எச்சரிக்கவும் செய்கிறார். சமூக ஊடகங்களில் மேற்கோள் பகிர்கிறவர்கள் இந்த எச்சரிக்கையை ஒருமுறை படிக்கலாம். நமக்கு இங்கே வேண்டியது வேறொன்று: சொல்லைக் கற்க எடுக்கும் மேற்கோள் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று சொற்களாக நறுக்கியபின் எஞ்சுவது வெறும் சொற்றொடர்தான். அதைக்கொண்டு எழுதியவரின் குரல் கோபமா, கேலியா, அறிக்கையா என்று கண்டுபிடிக்க முடியாது.

ஜான்சன் ஒற்றை மனிதராகத் தொடங்கிய வேலையை அடுத்த நூற்றாண்டில் ஊர் கூடிச் செய்தார்கள். லண்டன் மொழியியல் கழகத்தில் 1857இல் ரிச்சர்ட் ட்ரெஞ்ச் என்ற பாதிரியார் அப்போதைய அகராதிகளின் குறைகளைப் பற்றி ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்த திட்டம்தான் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஆயிற்று. 1879இல் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பொதுமக்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகங்களைப் படியுங்கள்; அரிதாகவோ பழையதாகவோ புதிதாகவோ வினோதமாகவோ படும் ஒவ்வொரு சொல்லையும், அது வரும் வாக்கியத்தோடும் நூற்பெயரோடும் ஆண்டோடும் ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். தோட்டத்தில் எழுப்பிய தகரக் கொட்டகையில், சுவர் நிறையப் புறாக்கூண்டு போன்ற அறைகள் அடித்து, வந்த சீட்டுகளை அடுக்கினார்கள். முதல் பகுதி 1884இலும் கடைசிப் பகுதி 1928இலும் வெளிவந்தன. மர்ரே 1915லேயே காலமாகிவிட்டார். முடிந்தபோது அகராதியில் 4,14,825 சொற்களும் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களும் இருந்தன.

இந்தப் பெருங்கதையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னக் கணக்கு. மர்ரே பொறுப்பேற்ற வேளையில், அதுவரை வந்திருந்த சீட்டுகளைச் சரிபார்த்தபோது, ‘அப்யூஷன்’ என்ற வழக்கொழிந்த சொல்லுக்குச் சுமார் ஐம்பது மேற்கோள்கள் இருந்தன. எல்லோரும் நாள்தோறும் எழுதுகிற ‘அப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. படித்தவர்கள் அனைவரும் வினோதமான சொல்லைக் கண்டால் துள்ளி எழுந்து சீட்டெழுதியிருக்கிறார்கள். சாதாரணச் சொல் வந்தபோது கண் தானாகத் தாண்டிப் போய்விட்டது. இதனால் தன் வேண்டுகோளில், எளிய சொற்களுக்கும் முடிந்த அளவு மேற்கோள் எடுக்குமாறும், அதிலும் சொல்லின் பொருள் சூழலிலிருந்தே விளங்கும்படியான வாக்கியங்களைத் தேடுமாறும் அவர் வலியுறுத்த வேண்டியிருந்தது.

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க விரும்பும் நம்மவர்களிடமும் இதே நோய்தான். அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகிறவர்கள், எங்கும் யாரும் பேசாத சொற்களை ஆயிரக்கணக்கில் அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்த காலம் ஒன்று இருந்தது. எதிர்ச்சொல் கேள்விக்கும் ஒப்புமைக் கேள்விக்கும் அது உதவியது என்பது உண்மை. 2011 ஆகஸ்டில் தேர்வு திருத்தியமைக்கப்பட்டபோது அந்த இரண்டு வகைக் கேள்விகளும் நீக்கப்பட்டு, சொல்லறிவைச் சோதிக்கப் பத்தியிலும் வாக்கியத்திலும் விட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளே எஞ்சின. தனிச் சொல்லாகக் கற்றவர்களின் கை அங்கே ஓங்காது. ஆனாலும் மனப்பாடப் பட்டியல்கள் ஒழிந்தபாடில்லை; பட்டியல் விற்பது எளிது, வாக்கியம் விற்பது கடினம்.

சாதாரணச் சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ‘செட் இன்’ என்ற இரண்டு குட்டிச் சொற்களின் சேர்க்கையை. அகராதி ‘தொடங்கு, நிலைகொள்’ என்று பொருள் தருகிறது. 1980களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்ற பேராசிரியர், புத்தகங்களும் பத்திரிகைகளும் பேச்சுகளும் அடங்கிய பெரிய உரைத்தொகுப்பைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு சொல்லும் வரும் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் வேலையைத் தொடங்கினார். அதன் விளைவாக 1987இல் வெளிவந்ததுதான் கோபில்டு அகராதி. ‘செட் இன்’ வரும் வரிகளை அவர் அடுக்கியபோது, அதன் எழுவாயாக எது வருகிறது என்பது திகைப்பூட்டுவதாக இருந்தது: அழுகல், சிதைவு, விரக்தி, நோய்த்தொற்று, கசப்பு, அராஜகம், செத்த உடலின் விறைப்பு. விரும்பத்தக்க ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை என்று அவரே எழுதினார். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் அதுவரை இதை எடுத்துச் சொன்னதில்லை. பேசும்போது மட்டும் யாரும் மாற்றிப் பேசியதுமில்லை. ‘ஹாப்பினஸ் செட் இன்’ என்று ஒருவர் எழுதினால் இலக்கணம் தண்டிக்காது, காது தண்டிக்கும்.

என் வகுப்பில் இதைச் சொன்னபோது, ஒரு மாணவி எழுந்து ‘மான்சூன் செட்ஸ் இன்’ என்று செய்தித்தாளில் ஆண்டுதோறும் போடுகிறார்களே மேடம், அது எப்படி என்று கேட்டாள். இதைவிடச் சரியான மறுப்பை நான் கேட்டதில்லை. ஜூன் தொடங்கும்போது, தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கிவிட்டது என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிப்பதும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் தொடங்குவதாகச் சொல்வதும் இதே ‘செட் இன்’ கொண்டுதான். மழையும் குளிரும் சேர்ந்து கெட்ட பருவநிலை நிலைகொள்வதைச் சொல்ல இங்கிலாந்தில் புழங்கிய சொல், ஏரியும் கண்மாயும் மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் நிலத்தில் நல்ல செய்தியாகிவிட்டது. சின்க்ளேரின் பட்டியல் பொய்யாகிவிடவில்லை. அவருடைய தொகுப்பில் அந்த வாக்கியங்களே இருந்தன. நாம் படிக்கும் நாளிதழில் வேறு வாக்கியங்களும் இருக்கின்றன. அன்று முதல் மேற்கோளை நானே எடுத்துக்கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, அவரவரே சேர்த்து வரும்படி சொல்லத் தொடங்கினேன்.

கற்பவர்களுக்கான அகராதிகள் தரும் உதாரண வாக்கியங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வங்காளத்தில் கல்விப் பணியிலிருந்த மைக்கேல் வெஸ்ட் 1935இலும், ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் தோழர்களோடு சேர்ந்து 1942இலும் வெளியிட்ட அகராதிகள்தான், ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த முன்னோடிகள். இன்று நம் மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதி, ஹார்ன்பியின் வழிவந்ததே. அதில் உள்ள சிறு உதாரணங்கள் ஒரு வினைக்குப் பின் எந்த வடிவம் வரும் என்று கற்கும் தொடக்கநிலை மாணவருக்கு மிகவும் உதவும். தமிழுக்கு இதே வகையில் 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும், பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியம் தருவதைத் தன் முறையாகக் கொண்டது. பழைய சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இலக்கிய மேற்கோள் காட்டுகிறது.

ஆனாலும் அகராதிக்கென்றே உருவாக்கிய வாக்கியத்துக்கு ஒரு வெளிறல் உண்டு. அதைப் பேசுகிறவருக்கு ஊரில்லை, அவசரமில்லை, யாரிடமும் கோபமில்லை. அதன் எதிர்முனையில் இலக்கிய மேற்கோள் நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பதிப்பில் அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட எழுத்தாளர் ஷேக்ஸ்பியர். மெக்பெத் நாடகத்தில், தன் கையிலுள்ள ரத்தம் கடல்களையெல்லாம் சிவப்பாக்கிவிடும் என்று நாயகன் சொல்லும் இடத்தில் ‘இன்கார்னடைன்’ என்ற சொல்லை வினையாகப் போடுகிறார். ஒருமுறை படித்தால் மறக்காது. ஆனால் அந்த வினையை நீங்களும் நானும் எழுதுவதற்கு ஓர் இடம் ஆயுளில் வாய்க்காது. இத்தகைய மேற்கோள், இந்தச் சொல் இந்த ஆண்டில் இப்படி வழங்கியது என்பதற்குச் சான்று. பின்பற்றி எழுத வேண்டிய மாதிரி அன்று. சான்றையும் மாதிரியையும் குழப்பிக்கொள்வதால்தான், செய்யுளில் கண்ட சொல்லை அலுவலக மின்னஞ்சலில் போடும் விபரீதம் நடக்கிறது.

சூழலைக்கொண்டு பொருளை ஊகிப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கதையைத் துணையின்றிப் படித்துப் போதுமான அளவு புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். ஜான்சனின் மேற்கோளை ஒரு பிளஸ் டூ மாணவரிடம் கொடுத்தால், தெரியாத ஒரு சொல்லுக்காக அவர் மேலும் ஆறு சொற்களைத் தேட வேண்டியிருக்கும். அவருக்கு நாளிதழின் விளையாட்டுப் பக்கமே சரியான சுரங்கம். யார் ஜெயித்தார், எப்படித் தோற்றார் என்பது முன்பே தெரியும் என்பதால், புதிய வினைச்சொல் தன் பொருளைத் தானே சொல்லிவிடும்.

மேற்கோளோடு ஆண்டும் இருந்தால் இன்னொரு லாபம் கிடைக்கிறது. ‘கேட்டமரான்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்றைய அகராதி ‘இரட்டை உடல் கொண்ட படகு’ என்று பொருள் தருகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் கட்டுமரத்தைப் பார்த்தவருக்கு இந்தப் பொருள் வேடிக்கையாக இருக்கும். ஹென்றி யூலும், சென்னை மாகாண சிவில் சேவையில் இருந்து தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றிய ஆர்தர் பர்னலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886இல் வெளிவந்தது. அதைப் பார்க்க பர்னல் உயிரோடு இல்லை. இந்திய மண்ணிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கு அவர்கள் மேற்கோள்களை ஆண்டு வரிசையில் அடுக்கினார்கள். அதில் 1697ஆம் ஆண்டுக்குரிய வில்லியம் டாம்பியரின் வரிகள், சோழமண்டலக் கரையில் ஒன்றோ இரண்டோ லேசான மரங்களால் ஆன, ஒரே ஓர் ஆளை மட்டும் தாங்கும் மிதவையைக் காட்டுகின்றன. அந்த ஆளின் காலும் பின்புறமும் எந்நேரமும் தண்ணீரிலேயே கிடக்கும் என்று டாம்பியர் சேர்த்துக்கொள்கிறார். கரையில் நின்று கண்ணால் பார்த்த மனிதர் எழுதியது என்பது அந்த ஒரு விவரத்தில் தெரிகிறது. 1804இல் பிரெஞ்சுத் துறைமுகமான புலோனைத் தாக்க ஆங்கிலேயக் கடற்படை அனுப்பிய வெடிமருந்து மிதவைகளுக்கும் இதே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களில் சண்டைக்காரக் கிழவியை ஏசுவதற்கு இதே சொல். 1876இல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரெஷாஃப் வெள்ளோட்டம் விட்ட ‘அமரில்லிஸ்’ போன்ற இரட்டை உடல் பாய்ப்படகுகளோடுதான் இன்றைய பொருள் நிலைபெறத் தொடங்கியது. பொருளை மட்டும் படித்தவருக்கு இவை ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு பொருள்கள். ஆண்டு வரிசையில் வாக்கியங்களைப் படித்தவருக்கு ஒரே மரம் மிதந்து போன வழி. ஹாப்சன்-ஜாப்சனும் தமிழ்ப் பேரகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வேறொன்றைத் தேடப் போய் அரை நாள் தொலைந்துபோவதற்கு அவற்றைவிட நல்ல இடம் இல்லை.

என் மாணவர்களுக்கு நான் சொல்லும் நடைமுறை எளியது. முடிந்துபோன கல்யாணங்களின் அழைப்பிதழ்களை வெட்டினால் நல்ல கனமான அட்டைகள் கிடைக்கும். வெற்றுப் பக்கத்தில் வாக்கியத்தை முழுதாக எழுதிச் சொல்லை அடிக்கோடிட வேண்டும். கீழே பத்திரிகையின் அல்லது நூலின் பெயரும் தேதியும். பொருளுக்கு அங்கே இடமில்லை, மணமக்கள் பெயர் அச்சான மறுபக்கத்தின் ஓரத்தில்தான். அதையும் உடனே எழுதக் கூடாது. ஒரே சொல்லுக்கு வெவ்வேறு கைகள் எழுதிய இரண்டு மூன்று வாக்கியங்கள் சேர்ந்த பிறகு, பொருளைத் தாமே ஒரு வரியில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகே அகராதியைத் திறக்க வேண்டும். அகராதியின் வரியும் தம் வரியும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் கற்பது, பட்டியலை ஒரு மணி நேரம் ஒப்பிப்பதில் கிடைக்காது.

அப்படிச் சேர்ந்த அட்டைகளில் ‘அவெர்ட்’ என்ற வினை அடிக்கடி வருகிறது. அகராதிப் பொருள் ‘தவிர்’. அட்டைகளை அடுக்கினால், போர், பஞ்சம், வேலைநிறுத்தம், பேரழிவு ஆகியவற்றைத்தான் மக்கள் ‘அவெர்ட்’ செய்கிறார்கள் என்பது தெரியும். கூட்டத்தையோ உறவினரையோ தவிர்ப்பதற்கு அந்தச் சொல் உதவாது. பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதற்கும் அது வரும் என்பதை ஒரு நாவல் வாக்கியம் காட்டிக்கொடுக்கும். நம் ஊர் நாளிதழ்களிலிருந்து மட்டும் எடுத்தவர்களிடம் பெரும்பாலும் ஒரே தலைப்புதான் இருக்கும்: ‘மேஜர் மிஸ்ஹாப் அவெர்ட்டட்’. ரயில் தடத்தில் விரிசல், ஓட்டுநரின் சாமர்த்தியம், பயணிகள் உயிர்தப்பினர் என்று செய்தி போகும். ‘மிஸ்ஹாப்’ என்பது இங்கிலாந்தில் பெரும்பாலும் காபி கொட்டியது, சாவி தொலைந்தது போன்ற சில்லறை விபத்துக்கான சொல். அதற்கு ‘மேஜர்’ என்று அடைகொடுத்தால் அவர்கள் புன்னகைப்பார்கள். நம் செய்தியாளர்களுக்கோ அது பல்லாண்டுப் பழக்கம். இங்குள்ள வாசகருக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. இதைப் பிழை என்று அடித்துவிட எனக்கு மனமில்லை, ஊர் மாறும்போது செல்லுபடியாகாது என்பதை மறைக்கவும் மனமில்லை. ஆகவே அத்தகைய அட்டையின் மேல்மூலையில் ‘இந்தியா’ என்று சிறிதாக எழுதிவைக்கச் சொல்கிறேன். அதே சொல் லண்டன் பத்திரிகை எதிலாவது சிக்கும்போது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.